மதிலோரம் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்க என்ன செடி? (சென்னை, உப்புத் தண்ணீர், 40 அடி நீளம்)

மேடவாக்கத்தான்

வணக்கம். மதில் 40 அடி நீளம், 5 அடி உயரம். அதை ஒட்டி 2 அடி அகலத்துக்கு மண் விட்டிருக்கிறோம். அதற்கு இந்தப் பக்கம் பேவர் பிளாக். எதிர் வீட்டு ஜன்னல் மறைய வேண்டுமானால் செடி 7 அடிக்கு வரணும், இலையும் உதிரக் கூடாது. தெற்கு முனையில் 25 அடிக்குக் காலை 11 முதல் மாலை 4 வரை நல்ல வெயில். மீதி 15 அடியில் வீட்டு நிழல், 2 மணி நேரம்கூட வெயில் விழாது. போர் தண்ணீர் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 1,800. வீட்டில் 3 வயதுக் குழந்தை உண்டு. நர்சரியில் "இட்லிப்பூ 40 வாங்கிட்டுப் போங்க, ஜம்முனு வரும்" என்கிறார்கள். வாங்கலாமா?

வேரடி

வாங்காதீங்க. இட்லிப்பூ நல்ல செடிதான், உங்கள் இடத்துக்கு ஆகாது. அதற்குப் புளிப்பு மண் வேணும், பி.எச். 5.5 முதல் 6.5 வரை. உங்கள் மதிலோரத்தில் அது கிடைக்கவே கிடைக்காது. காரணம் மதில் கட்டின விதம். அஸ்திவாரக் குழியை மூடும்போது பூச்சுக் கழிவு, உடைந்த செங்கல், கலவைச் சட்டி கழுவின தண்ணீர் எல்லாம் அதே குழிக்குள்தான் போயிருக்கும். சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும்.

ஒரு சோதனை செய்து பாருங்க. மதிலிலிருந்து அரை அடி தள்ளி ஒரு அடி ஆழத்திலிருந்து ஒரு கை மண் எடுத்து நிழலில் காயவையுங்க. அதன்மேல் ரெண்டு ஸ்பூன் வினிகர் விட்டுக் காதருகே கொண்டுபோனால், சுண்ணாம்பு இருந்தால் சோடா திறந்த மாதிரி 'சுர்'ரென்று நுரைக்கும். நுரைத்தால் இட்லிப்பூ ஆசையை விட்டுடுங்க.

அங்கே வைத்தால் நடப்பது இதுதான். முதல் மூணு மாதம் கவரில் இருந்த மண்ணை வைத்துச் செடி ஓட்டிவிடும். வேர் வெளியே வந்த பிறகு நுனித் துளிர் வெளிர் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், கார மண்ணில் அது கரையாது, வேரால் எடுக்க முடியாது. கடையில் முதலில் கொடுப்பது ஈ.டி.டி.ஏ. இரும்பு. பி.எச். 7-ஐத் தாண்டினால் மண்ணில் அது நிற்காது. ஈ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருப்பதுதான் கார மண்ணில் வேலை செய்யும், விலையும் கூட. 40 செடிக்கு வருஷத்துக்கு மூணு நாலு தடவை அதை ஊற்றிக்கொண்டே இருப்பது வேலியா, வைத்தியசாலையா?

கவாத்துக்கத்தி

வேரடி அண்ணன் மண்ணைச் சொல்லிட்டார். தண்ணீர் அதைவிட மோசம். 1,800 டி.டி.எஸ். என்றால் உப்புக்கு ஆகாத செடிகளின் இலை ஓரம் கருகும். இந்தக் கருகலையும் இரும்புக் குறையையும் குழப்பிக்காதீங்க. இரும்புக் குறை இளம் துளிரில் வரும், நரம்பு பச்சையாக இருக்கும். உப்புக் கருகல் முதிர்ந்த இலையின் நுனியிலும் ஓரத்திலும் பழுப்பாகத் தொடங்கி உள்ளே நகரும். இது தெரியாமல் ரெண்டுக்கும் உரம் போடுவார்கள். உரமும் உப்புதான், கருகல் கூடும்.

இன்னொன்று. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகிற கழிவு நீரைச் செடிக்கு விடாதீங்க. உள்ளே போகும் நீரில் உள்ள உப்பு முழுக்க அந்தக் குழாயில்தான் வருகிறது. அதில் பாத்ரூம் கழுவுங்க.

மொட்டைமாடி

துஜா வைக்கலாமே? கூம்பு கூம்பாக அழகாக இருக்கும், எப்பவும் பச்சை.

கவாத்துக்கத்தி

சென்னையில் துஜா முதல் ரெண்டு வருஷம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். பிறகு உள்பக்கம் காயும். நிழல் பட்ட பக்கம், செடியும் செடியும் உரசுகிற பக்கம், மதில் பக்கம் எல்லாம் பழுப்பாகும். கோடையில் சிலந்திப்பேன் வேறு. முக்கியமான குறை என்னவென்றால், முற்றின கட்டையிலிருந்து அது துளிர்க்காது. மற்ற புதர்ச்செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் வெடித்து வரும். துஜாவை இலை இல்லாத இடத்தில் வெட்டினால் அந்த ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். ஐப்பசி மழையில் வேரில் ரெண்டு நாள் தண்ணீர் தேங்கினாலும் போச்சு.

பொட்டல்காடு

எங்கள் பக்கம் எல்லோரும் கோனோகார்பஸ் வைக்கிறார்கள். உப்புத் தண்ணீர், வெயில் எதையும் கண்டுகொள்ளாது, ஆறே மாதத்தில் சுவர் மாதிரி நிற்கும். அதைச் சொல்லக் காணோமே?

வேரடி

சொல்லாமல் விட்டதே நல்லது. குஜராத் 2023-இல் தடை செய்தது. தமிழ்நாட்டிலும் பிறகு தடை வந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அது செடியே இல்லை, மரம். 2 அடி மண்ணில் அதைப் புதராக வைத்திருக்க மாதம் ரெண்டு முறை வெட்டணும். மேலே வெட்ட வெட்ட, வேர் ஈரத்தைத் தேடி சம்ப்புக்கும் கழிவுநீர்க் குழாய் இணைப்புக்கும் போகும். பைக்கஸ் வகைகளுக்கும் இதே கதை. பெஞ்சமினா, பாண்டா என்று என்ன பெயரில் விற்றாலும் அது ஆல், அரச வம்சம். மதிலோரம் நட்டால் மதில் விரிசல் விடுவதற்குக் கணக்குப் பார்த்துக்கொள்ளணும்.

உப்புக்காற்று

இவ்வளவு வேண்டாம் சொன்ன பிறகு வேணும் ஒன்று சொல்லணுமே. நான் சொல்வது சங்கங்குப்பி. நர்சரியில் இந்தப் பெயர் சொன்னால் முழிப்பார்கள்; 'இனெர்மி' என்று கேளுங்க. உப்பங்கழிக் கரையிலும் அலையாத்திக் காட்டோரத்திலும் தானாக வளர்கிற செடி. உங்கள் 1,800 அதற்கு ஒன்றுமே இல்லை. கார மண்ணும் தாங்கும். கரும்பச்சை இலை, வெள்ளைப் பூ, பூவிலிருந்து சிவப்பு நூல் மாதிரி நீட்டும் கேசரங்கள். இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி நாறும், ஆடு மாடு வாய் வைக்காது.

குறையும் சொல்லிடுறேன். அது நிமிர்ந்து நிற்கிற செடி இல்லை, சாய்ந்து படரும் குணம். 7 அடிக்குத் தானாக நிற்காது. மதிலில் 8 அடிக்கு ஒரு ஜி.ஐ. ஆங்கிள் அடித்து, 3 அடி, 5 அடி, 6½ அடியில் மூணு வரி 12 கேஜ் ஜி.ஐ. கம்பி இழுங்க. தண்டைக் கம்பியோடு சணல் கயிறால் தளர்வாகக் கட்டுங்க. நைலான் கயிறு தண்டு பருக்கும்போது தோலை அறுத்துவிடும். தரையில் தொடுகிற கிளை அங்கேயே வேர் விடும், அதை மாதம் ஒருமுறை அறுத்துவிடணும். மழைக்காலத்தில் மூணு வாரத்துக்கு ஒரு வெட்டு இல்லாவிட்டால் பேவர் பிளாக் மேல் ஒரு முழம் வந்திருக்கும்.

மேடவாக்கத்தான்

அரளி? உப்புத் தாங்கும் என்று படித்தேன். பூவும் கிடைக்கும்.

உப்புக்காற்று

தாங்கும். ஹைவே நடுவில் வைப்பதே அதற்காகத்தான். ஆனால் 3 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம்; மஞ்சள் அரளிக் கொட்டையும் அப்படித்தான். வெட்டின குச்சியை எரித்தால் புகைகூட ஆகாது. டுராண்டாவின் மஞ்சள் காயும் குழந்தைக் கைக்கு எட்டக் கூடாது. குலை குலையாக மிட்டாய் மாதிரி தொங்கும்.

வேரடி

சங்கங்குப்பிக்கு நானும் ஓட்டு. நந்தியாவட்டையையும் யோசிக்கலாம். தானாக நிமிர்ந்து 6-7 அடி நிற்கும், கம்பி தேவையில்லை, அடுக்குப் பூ வகை என்றால் பூஜைக்கும் ஆச்சு. உப்பை ஓரளவு தாங்கும். 1,800 அதற்கு எல்லைக்கோடு. மழையில் மண் கழுவப்படும் வரை பங்குனி, சித்திரையில் ஓரம் கருகும், பிறகு தெளியும். 2 அடி அகலத்தில் அடக்குவதுதான் கஷ்டம், இயல்பாக 4-5 அடி விரியும் செடி. அதன் பாலும் வாயில் படக் கூடாது, அதையும் கணக்கில் வையுங்க.

அதில் ஒரு புழு வரும். விரல் தடிமன், பச்சை, தலைக்குப் பின்னால் ரெண்டு நீலக் கண் மாதிரி புள்ளி. பார்த்தால் பயமாக இருக்கும், ஒன்றும் செய்யாது. ராத்திரியில் ஒரு கிளையையே மொட்டையாக்கும். இலையில் தேடினால் பச்சைக்குப் பச்சை தெரியாது. தரையில் மிளகு மாதிரி எச்சம் எங்கே கிடக்கிறது என்று பார்த்து, நேர் மேலே தேடுங்க. நாலு புழுவுக்கு மருந்து அடிக்காதீங்க, எடுத்துப் போட்டால் போதும்.

மொட்டைமாடி

காமினியை (முராயா) யாருமே சொல்லலை. பெரிய ஊர்களில் வேலிக்கு அதுதானே ராஜா? வாசனை வேறு.

கவாத்துக்கத்தி

தண்ணீர் நல்லதாக இருந்தால் முதல் ஓட்டு காமினிக்குத்தான் போட்டிருப்பேன். சின்ன இலை, அடர்த்தி, வெட்டுக்கு நன்றாக அடங்கும், 4 மணி நேர வெயில் போதும், காய்ந்து கிடந்து மழை பட்டால் ஒரே நாளில் வெள்ளையாகப் பூக்கும். மெதுவாகத்தான் வளரும்; 7 அடிக்கு நாலு வருஷமாவது ஆகும். உப்புத் தண்ணீரில் இன்னும் சுணங்கும். எலுமிச்சை, நாரத்தை இருக்கிற தோட்டத்தில் வைக்கவே கூடாது. எலுமிச்சைக்குப் பசுமை நோயைப் பரப்புகிற சில்லிட் என்ற சின்னப் பூச்சிக்குக் காமினியும் வீடுதான். துளிரில் உட்கார்ந்து பெருகி அடுத்த செடிக்குத் தாவும்.

பொட்டல்காடு

நான் கேட்க வந்தது வீட்டுக்கு இல்லை, பெரம்பலூர்ப் பக்கம் தோட்டத்து வேலிக்கு. தண்ணீர் விட ஆளில்லை. கிளுவை வைக்கச் சொல்கிறார்கள்.

வேரடி

கிளுவை பழைய நல்ல உயிர்வேலி, போத்து (வெட்டின கிளை) ஊன்றினால் போதும். ஆனால் கோடையில் இலையெல்லாம் கொட்டி முள்ளும் கட்டையுமாக நிற்கும். ஆளும் ஆடும் வராமல் தடுக்கத்தான் வேலி என்றால் அது பரவாயில்லை. பச்சையும் வேணும் என்றால் களா. 3 அடி இடைவெளியில் ரெண்டு வரிசை, செடிகள் எதிரெதிராக வராமல் மாற்றி மாற்றி. இரட்டை முள், வருஷம் முழுக்க இலை, ஊறுகாய்க்குக் காய். முதல் ரெண்டு கோடைக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தால் பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும். பாறைக் காடு என்றால் விராலி. ஆடாதோடையும் நடலாம், பேரிலேயே ஆடு தொடாது என்று இருக்கிறது. உண்ணிச்செடி மட்டும் வேண்டவே வேண்டாம். காட்டை விழுங்கினது போதும்.

மேடவாக்கத்தான்

சரி, வெயில் பட்ட 25 அடிக்குச் சங்கங்குப்பி என்று முடிவு. நிழல் 15 அடிக்கு? அதே செடியை அங்கேயும் ஓட்டலாமா?

உப்புக்காற்று

வேண்டாம். நிழலில் அது வெயிலைத் தேடி மேலே ஓடும், கீழே வெறும் குச்சி. அங்கே குடைச்செடி வையுங்க. விரல் விரித்த மாதிரி இலை இருக்கும் ஷெஃப்லெரா, குட்டை வகை. முழுப் பச்சை வாங்குங்க. மஞ்சள் திட்டுள்ளது நிழலில் திட்டை இழந்துவிடும். குரோட்டனுக்கும் இதே காரணம்தான், வெயில் இல்லாவிட்டால் நிறம் போய்விடும். குடைச்செடி இலையையும் குழந்தை கடிக்காமல் பார்த்துக்கோங்க, வாய் அரிக்கும்.

கிளூசியா நிழலும் தாங்கும், உப்பும் தாங்கும், இலை தோல் மாதிரி தடிமன். விலைதான் இடிக்கும். கையில் காசு இருந்தால் 40 அடிக்கும் கிளூசியாவே போடலாம் என்பது என் கட்சி. வெட்டும் வேலை பாதிக்கும் கீழே.

கவாத்துக்கத்தி

கணக்கு: சங்கங்குப்பி ஒன்றரை அடிக்கு ஒன்று, 25 அடிக்கு 17 கன்று. குடைச்செடி 2 அடிக்கு ஒன்று, 7 கன்று. நர்சரிக்காரர் சொன்ன 40 தேவையே இல்லை.

செடியின் தண்டு மதிலிலிருந்து ஒரு அடி தள்ளி இருக்கட்டும். தனித்தனிக் குழி எடுக்காதீங்க, ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரே வாய்க்காலாக எடுங்க. அஸ்திவாரம் தட்டினால் அந்த இடத்தில் ஆழத்தைக் குறைச்சுக்கோங்க. 40 × 1½ × 1½, 90 கன அடி வருகிறது. லாரிக் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) கொஞ்சம் குறைவு. எடுத்த மண்ணைச் சல்லடையில் சலித்து செங்கல், பூச்சுக் கட்டியைத் தூக்கிப் போட்டால் பாதிதான் மிஞ்சும். அந்த 45 கன அடியோடு செம்மண் 25, மக்கின தொழு உரம் 20 சேருங்க. மக்காத சாணி வந்தால் திருப்பி அனுப்புங்க. கையை உள்ளே விட்டால் சூடு தெரியும், அது வேரை வேகவைக்கும். செடிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. ஜிப்சம் போடச் சொன்னால், மண் பரிசோதனையில் சோடியம் கூடுதல் என்று வந்தால் மட்டும் போடுங்க. சுண்ணாம்பால் வந்த காரத் தன்மையை அது குறைக்காது. கடைசியில் மண் மட்டம் பேவரைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கணும். மழைத் தண்ணீர் வேரில் நிற்கக் கூடாது.

வேரடி

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீங்க. 4 அடியில் ஒத்தைக் குச்சியாக நிற்கிறதைவிட, ஒன்றரை அடியில் அடியிலிருந்தே மூணு கிளை விட்டது மேல். கவரின் அடியில் வேர் வெளியே தடித்து வந்திருந்தால் உள்ளே சுருண்டிருக்கும், விடுங்க.

ஆந்திராவில் நர்சரிகள் நிறைந்த கடியம் பக்கமிருந்து லாரியில் வருகிற செடிகளில் ஒரு சிக்கல். கவருக்குள் களிமண் பந்து. காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். சுற்றிலும் நீங்கள் போட்ட மண் பொலபொலவென்று இருக்கும், ஊற்றின தண்ணீர் பந்தைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும். மேலே ஈரம், செடி வாடுகிறது. உடனே இன்னும் தண்ணீர் ஊற்றுவோம், வெளி வேர் அழுகும். முதல் மாதத்தில் செத்துப்போகிற செடிகளைப் பிடுங்கிப் பாருங்க, பந்து அப்படியே வரும், நடுவில் பொடியாக இருக்கும். அதனால் நடும் முன் கவரோடு ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வையுங்க, குமிழி நிற்கும் வரை. பிறகு கவரைப் பிளேடால் கிழித்து, பந்தின் வெளிப்புற ஒரு அங்குலத்தை விரலால் உதிர்த்து, சுருண்ட வேரை மூணு இடத்தில் மேலிருந்து கீழே கீறிவிட்டு நடுங்க. தண்டும் வேரும் சேருகிற கழுத்து மண்ணுக்குள் போகக் கூடாது.

மொட்டைமாடி

வேலி வைத்தால் பாம்பு வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். உண்மையா?

கவாத்துக்கத்தி

செடிக்காகப் பாம்பு வராது, எலிக்கும் ஒளிய இடத்துக்கும் வரும். செங்கல் அடுக்கு, தேங்காய் மட்டை, வெட்டிப் போட்ட கிளைக் குவியல் இருக்கக் கூடாது. வேலி பிடித்த பிறகு தரையிலிருந்து முக்கால் அடி வரை இலையை எடுத்துவிட்டால் மண் கண்ணுக்குத் தெரியும், கூட்டவும் வசதி.

மேடவாக்கத்தான்

எப்போது நடலாம், எப்படி வெட்டலாம், சொட்டுநீர் எவ்வளவு? இது தெரிந்தால் வேலையைத் தொடங்கிவிடுவேன்.

கவாத்துக்கத்தி

புரட்டாசி முதல் வாரம் நல்லது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடிக்கும், மழை வந்து மண்ணில் உள்ள உப்பையும் கழுவும். தவறினால் தை. அக்னி நட்சத்திரத்தில் நடாதீங்க.

நட்ட ஒரு மாதத்தில் துளிர் வந்ததும் நுனியைக் கிள்ளுங்க. மனசு வராது, ஆனால் 7 அடிக்கு ஓடவிட்டுப் பிறகு வெட்டினால் அடி மொட்டையாகவே நிற்கும். முக்கால் அடி வளர்ந்தால் கால் அடி வெட்டு, இப்படியே ஏற்றுங்க. கீழே 2 அடி அகலம், உச்சியில் ஒன்றேகால் அடி. மேலே குடை மாதிரி விரிந்தால் கீழ் இலைக்கு வெயில் போகாது, உதிரும். இலை உதிராத செடி என்று வாங்கினதும் நிழலில் உதிர்க்கத்தான் செய்யும்.

உப்புக்காற்று

சொட்டுநீர்: செடிக்கு மணிக்கு 4 லிட்டர் விடுகிற டிரிப்பர் ரெண்டு, தண்டிலிருந்து அரை அடி தள்ளி இருபுறமும். 24 செடிக்கு மணிக்கு 192 லிட்டர். கோடையில் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு மணி நேரம். தினமும் பத்து நிமிஷம் விடுவதுதான் உப்புத் தண்ணீரில் பெரிய தப்பு. உப்பு மேல்மண்ணிலேயே வெள்ளையாகப் பூக்கும். மூடாக்குக்குக் காய்ந்த இலை 2 அங்குலம், தண்டைத் தொடாமல்.

முக்கியமானது: லேசான தூறலில் டிரிப்பை நிறுத்தாதீங்க. சொட்டுநீர் உப்பை ஈரத்தின் ஓரத்துக்குத் தள்ளி வைத்திருக்கும். தூறல் அதைக் கரைத்துத் திரும்ப வேருக்கே கொண்டுவரும். நல்ல மழை, ரெண்டு அங்குலம் கொட்டின பிறகு நிறுத்துங்க.

மேடவாக்கத்தான்

வினிகர் ஊற்றிப் பார்த்தேன். நுரைத்தது. இட்லிப்பூ ஆசை இன்னும் போகவில்லை, கேட் பக்கம் ரெண்டு மட்டும்?

வேரடி

தொட்டியில் வையுங்க. 16 அங்குலத் தொட்டி, செம்மண் 2 பங்கு, மூணு தடவை அலசின தென்னைநார்க் கழிவு 1, மண்புழு உரம் 1. போர் தண்ணீர் காட்டாதீங்க, மழைநீரோ ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரோ போதும். துளிர் மஞ்சளானால் அன்னபேதி உப்பு (பெரஸ் சல்பேட்) 5 கிராம் ஒரு லிட்டர் நீரில், அரை எலுமிச்சை பிழிந்து, சாயங்காலம் இலைமேல் தெளியுங்க. பேவர் பிளாக் மேல் சிந்தவிடாதீங்க, துருக்கறை போகவே போகாது.